ஜப்பானில் விவசாயக் கூட்டுறவின் காலம் முடிந்துவிட்டதா?

ஜப்பானில் ஜேஏ என்ற ஒரே கூட்டுறவு அமைப்பு மொத்த விவசாயத்தையும் கையில் வைத்திருக்கிறது, 2025-ல் அரிசி விலை ஏறியதற்கும் அதுதான் காரணம், இனி அது தேவையே இல்லை என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி விலையைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரியது. சிறு விவசாயிகளுக்காக உருவான ஓர் அமைப்பு, அந்தச் சிறு விவசாயிகளே அருகிப்போன பிறகு யாருக்காக நடக்கிறது? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் ஜப்பானில் வேளாண் பொருளியல் படித்தவன். படிப்பு முடிந்ததிலிருந்து ஒசாகாவில் காய்கறி, பழக் கொள்முதலில் வேலை. ஷிகோக்கு தீவில் இருக்கும் கோச்சி மாகாணத்துக் கூட்டுறவுகளோடு பழக்கம் அதிகம். அதனால் காய்கறி பற்றி எழுதுவதை நேரில் பார்த்ததாகவும், அரிசி, வங்கி பற்றி எழுதுவதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "ஒரே அமைப்பு" என்பதைத் திருத்திவிடலாம். ஜேஏ ஒரு கம்பெனி இல்லை. இன்று சுமார் 500 உள்ளூர்ச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உறுப்பினர்கள், தனி நிர்வாகக் குழு, தனிக் கணக்கு. இவற்றுக்கு மேலே தேசிய அளவில் சில அமைப்புகள். உரமும் தீவனமும் வாங்கித் தந்து விளைச்சலை விற்பது ஸென்னோ. சங்கங்களில் சேரும் வைப்புத்தொகையை எடுத்து முதலீடு செய்வது நோரின்சூக்கின் வங்கி. காப்பீட்டுக்கு ஒன்று, மருத்துவமனைகளுக்கு ஒன்று, எல்லாருக்குமாக அரசிடம் பேசுவதற்கு ஸென்ச்சூ. ஒரு சாதாரணக் கிராமத்து ஜேஏ கிளைக்குப் போனால் வங்கிக் கவுன்டர், காப்பீட்டு முகவர், விதை உரக் கடை, பெட்ரோல் பங்க், பல ஊர்களில் ஈமச்சடங்கு மண்டபம் வரை எல்லாம் ஒரே சங்கத்தின் கீழ் இருக்கும். இப்படி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்ததுதான் அதன் பலம். இன்றைய சிக்கலின் மூலமும் அதுவே.

இதன் வேர் 1900-ல் வந்த கூட்டுறவுச் சட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் கிராமத்து விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த ரைஃபைசன் சங்கங்களைப் பார்த்து உருவான சட்டம் அது. அதே ரைஃபைசன் முறையைத்தான் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தார், 1904-ல் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. தொடக்கம் ஒன்றுதான், ஆனால் 1904 சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமானது. ஜப்பானில் கடன், கொள்முதல், விற்பனை எல்லாம் சேர்ந்து வளர்ந்தன. போர்க்காலத்தில், 1943-ல், அரசு கிராமத்து விவசாய அமைப்புகளை எல்லாம் ஒன்றாக்கி நெல் கொள்முதலுக்கும் ரேஷனுக்கும் கருவியாக்கியது. போர் முடிந்து அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் நிலச் சீர்திருத்தம் நடந்தது. சுமார் 19 லட்சம் ஹெக்டேர் நிலம் உழுதவர் கைக்கு வந்தது. குத்தகை நிலம் கிட்டத்தட்ட பாதியிலிருந்து 10 சதவீத அளவுக்கு இறங்கியது. நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் வைத்திருக்கும் சொந்த நில விவசாயிகள். அவர்கள் மறுபடி வட்டிக்காரரிடமும் வியாபாரியிடமும் நிலத்தை இழந்துவிடக் கூடாது என்று 1947-ல் விவசாயக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. ஆளுக்கு ஓர் ஓட்டு என்பது அதன் அடிப்படை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு நிலம் வைத்திருந்த காலத்தில் அது முழுக்க நியாயமான ஏற்பாடு. ஆனால் காகிதத்தில் புதிதாகப் பிறந்த சங்கங்கள், போர்க்கால அமைப்பின் கிடங்கையும் ஆட்களையும் கணக்குப் புத்தகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டன. விவசாயிகள் தாங்களாகக் கூடிக் கட்டியது பாதி, அரசு மேலிருந்து இறக்கியது பாதி. இந்த இரட்டைத் தன்மை இன்று வரை விலகவில்லை.

1942-ல் வந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அரிசியை அரசுதான் வாங்கும். கூட்டுறவு மூட்டைகளைச் சேகரித்துக் கொடுக்கும், பணம் விவசாயியின் கூட்டுறவுக் கணக்கில் ஏறும், உரக் கடன் அதிலேயே கழியும். ஆண்டுதோறும் கொள்முதல் விலையை உயர்த்தச் சொல்லி விவசாயிகள் டோக்கியோவில் திரள்வார்கள், ஆளுங்கட்சி எம்.பி.க்கள் முன்வரிசையில் நிற்பார்கள். 1960-களில் பொருளாதாரம் வேகமெடுத்தபோது விவசாயக் குடும்பத்து ஆண்கள் தொழிற்சாலை, அலுவலகம் என்று வேலைக்குப் போனார்கள். டிராக்டரும் நடவு இயந்திரமும் வந்துவிட்டதால் ஒரு ஹெக்டேர் நெல்லை சனி ஞாயிறில் பார்த்துக்கொள்ள முடிந்தது. சம்பளம், சாலைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் விற்ற பணம், ஓய்வூதியம் எல்லாம் பழக்கப்பட்ட அதே கூட்டுறவுக் கணக்கில் சேர்ந்தன. இன்று ஜேஏ சங்கங்களில் இருக்கும் வைப்புத்தொகை 100 லட்சம் கோடி யென்னுக்கு மேல். அதில் விவசாயக் கடனாகப் போவது மிகச் சிறிய பங்கு. பல சங்கங்களில் விவசாயப் பிரிவு நஷ்டத்தில் ஓடும், வங்கியும் காப்பீடும் அதை ஈடுகட்டும். விவசாய ஆலோசகர் ஒருவர் வயலுக்கு வந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காசு வாங்காமல் போகிறார் என்றால், அவர் சம்பளம் பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்து வருகிறது.

இதைக் குறையாக மட்டும் பார்ப்பவர்கள் நாகானோ மாகாணத்து சாக்கு மத்திய மருத்துவமனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அது விவசாயக் கூட்டுறவு நடத்தும் மருத்துவமனை. தொஷிகாசு வகட்சுகி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1945-ல் அங்கே வந்து சேர்ந்தார். வண்டி வராத மலைக் கிராமங்களுக்கு மருத்துவக் குழுவை அழைத்துப் போனார். நோய் முற்றும் வரை வெளியில் சொல்லாத மக்களுக்குப் புரிய வைக்க, ஊழியர்களை வைத்துத் தானே எழுதிய நாடகங்களைப் போட்டார். 1959-ல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் எல்லாருக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை தொடங்கியது. ஜப்பான் முழுக்கப் பின்னால் வந்த பரிசோதனைத் திட்டங்களுக்கு அது முன்மாதிரி. 1976-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இன்றும் கூட்டுறவு மருத்துவமனைகள் நாட்டில் நூறு அளவில் இருக்கின்றன. அவற்றில் நிறைய, வேறு பெரிய மருத்துவமனை கிட்டத்தில் இல்லாத சிறிய ஊர்களில் இருப்பவை.

சரி, விரிசல் எங்கே விழுந்தது? ஜப்பானில் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிட்ட அரிசி 1962-ல் 118 கிலோவைத் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே வந்து இன்று அதில் பாதிக்கும் குறைவு. கிடங்கில் அரிசி தேங்கியதால் 1970 முதல் நெல் பரப்பைக் குறைக்கும் திட்டம் வந்தது. அந்தக் குறைப்பை ஊர் ஊராக, வயல் வயலாகப் பங்கிடும் வேலையில் கூட்டுறவு அரசுக்குத் துணையாக நின்றது. அதே காலத்தில் அகிதா மாகாணத்தில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து உருவாக்கிய ஒகாத்தா கிராமத்தில், பெரிய பண்ணை நடத்துங்கள் என்று அரசே விவசாயிகளைக் குடியேற்றியிருந்தது. வந்தவர்களிடம் சில வருடங்களிலேயே பரப்பைக் குறை என்றார்கள். ஒரு பிரிவினர் மறுத்து, முழு வயலிலும் நட்டு, அரிசியைத் தாங்களே நேராக விற்றார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் அங்கேதான் வெளிப்பட்டது. அரை ஹெக்டேரில் வாரக் கடைசியில் நடுபவருக்கும் ஓர் ஓட்டு, 30 ஹெக்டேரில் நட்டு அதையே நம்பி வாழ்பவருக்கும் ஓர் ஓட்டு. முதலாமவருக்கு விலை இறங்காமல் இருந்தால் போதும். இரண்டாமவருக்கு உரம் மலிவாக வேண்டும், நிறைய நட வேண்டும், தன் பெயரில் விற்க வேண்டும். எண்ணிக்கையில் முதலாமவர்களே அதிகம் என்பதால் சங்கம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1995-ல் பழைய உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் அரிசி விற்பனை திறந்துவிடப்பட்டதும், பெரிய விவசாயிகள் ஒவ்வொருவராக வெளியே விற்கத் தொடங்கினார்கள்.

காய்கறியில் இந்த இழுபறி எப்படி இருக்கும் என்று கோச்சி மாகாணத்து ஆக்கி பகுதியை வைத்துச் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஒசாகாவைச் சுற்றியுள்ள கான்சாய் பக்கம் சாப்பிடும் கத்தரிக்காயில் கணிசமான பங்கு அங்குள்ள பசுமைக் குடில்களில் விளைவது. காலையில் பறித்த காய் மஞ்சள் பிளாஸ்டிக் கூடைகளில், சின்ன வெள்ளை லாரியில், கூட்டுறவின் தரம் பிரிக்கும் கூடத்துக்கு வந்துவிடும். அங்கே நிறம், வளைவு, நீளம், காம்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பார்கள். பெட்டியில் தரமும் அளவும் அச்சடித்திருக்கும். வாங்கும் எங்களுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இராது. எந்த வீட்டுக் காய் என்பது சங்கத்துக்குத்தான் தெரியும், மார்க்கெட்டுக்குத் தெரியாது. ஒரே தரம், ஒரே காலகட்டம் என்றால் எல்லாருடைய விற்பனையையும் ஒன்றாகக் கூட்டி, சராசரி விலையைத்தான் எல்லாருக்கும் கொடுப்பார்கள். மார்க்கெட்டில் ஒருநாள் விலை விழுந்தால் அன்றைக்குப் பறித்தவர் மட்டும் அடிபட மாட்டார். புதிதாகத் தொடங்கிய இளைஞர் ஒருவர் முதல் வருடமே வீடு வாசல் இல்லாமல் போகாமல் இருப்பதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஆனால் ருசிக்காகக் கூடுதல் உழைப்பைப் போடும் விவசாயிக்கும் அதே சராசரிதான். அவர் ஒரு நாள் பத்துப் பெட்டியை வெளி வியாபாரிக்குக் கொடுத்துப் பார்ப்பார். சிலர் அப்படிச் செய்தபோது, அந்தப் பகுதியின் தோசா ஆக்கி கூட்டுறவு, வெளியே விற்று உள்ளூர் விவசாயிகள் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்களின் காயை விற்பனைக்கு ஏற்க மறுத்தது, வெளியில் விற்றதற்குக் கட்டணமும் வசூலித்தது. நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2017-ல் இதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. சங்கத்தின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு: கூடத்தைக் கட்டிய கடன் எல்லார் தலையிலும் இருக்கிறது, விலை நன்றாக இருக்கும் நாளில் வெளியே போய், விழும் நாளில் மட்டும் உள்ளே வந்தால் மற்றவர்கள் சுமப்பார்கள் என்பது. அந்தக் கவலை உண்மை. அதற்காக உறுப்பினரைத் தண்டிப்பது தவறு. செலவுக்கேற்ற கட்டணத்தை வெளிப்படையாகப் போட்டு, விரும்பியவர் வரலாம் என்று வைத்திருக்க வேண்டும்.

அதே ஆக்கி பகுதியின் மலைக்கு மேலே ஏறினால் உமாஜி என்ற கிராமம். ஆயிரம் பேர்கூட இல்லை, நிலத்தில் பெரும்பகுதி காடு. மரம் வெட்டும் தொழில் படுத்த பிறகு மிச்சமிருந்தது யுசு என்ற எலுமிச்சை வகைப் பழம். மலைச்சரிவில் மருந்தடிக்க ஆளில்லாமல் வளர்ந்த பழம் தோலில் புள்ளியும் தழும்புமாக இருக்கும், பழமாக விற்றால் விலை போகாது. அந்த ஊர்க் கூட்டுறவு அதைப் பிழிந்து சாறாக்கி, சோயா சாஸோடு கலந்து பான்சு செய்து, 1980-களில் நகரத்துப் பல்பொருள் அங்காடிகளின் கண்காட்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு போனது. 1988-ல் தேன் கலந்த யுசு பானம் வந்தது. புட்டியில் ஊர்ப் பெயரையே போட்டார்கள், விளம்பரத்தில் ஊர்ப் பிள்ளைகளையே நிறுத்தினார்கள். தபால் வழி விற்பனை பெருகி, ஒரு கட்டத்தில் ஆண்டு விற்பனை 300 கோடி யென் அளவை எட்டியது. பிழிந்த சக்கை எருவாகத் தோட்டத்துக்குத் திரும்பும், விதையிலிருந்து அழகுசாதனப் பொருள் செய்கிறார்கள். 2019-ல் கோச்சி மாகாணத்துச் சங்கங்களில் பெரும்பாலானவை ஒரே ஜேஏவாக இணைந்தன. தோசா ஆக்கியும் அதில் சேர்ந்தது. உமாஜி சேரவில்லை, தனியாகவே நிற்கிறது. நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், விலை பேசும்போது கூட்டுறவு ஊழியர் ஒருவர் "எங்க பாட்டிமார்களுக்கு இதுக்குக் கீழே கட்டாது" என்று சொல்லி எழுந்து போனதைப் பார்த்தது இப்படிப்பட்ட சின்னச் சங்கத்தில்தான். பெரிய சங்கத்தில் விலை ஒரு மேலாளரின் மேசையில் முடிவாகும்.

இதோடு நேரடி விற்பனைக் கூடங்களையும் சொல்ல வேண்டும். ஃபுகுவோக்கா பக்கத்தில் இதோஷிமாவில் 2007-ல் ஜேஏ திறந்த இதோ சாய்சாய் கூடத்தில் ஆண்டு விற்பனை 400 கோடி யென் அளவில் நடக்கிறது. இப்படிப்பட்ட கூடங்களில் விவசாயி காலையில் தன் காயைக் கொண்டுவந்து, தன் பெயரும் தானே வைத்த விலையும் போட்ட பார்கோடு ஒட்டி அடுக்குவார். எவ்வளவு விற்றது என்று பகலிலேயே கைப்பேசிக்குத் தகவல் வரும், தீர்ந்திருந்தால் மறுபடி கொண்டுவருவார். மாலையில் மிச்சத்தை அவரே எடுத்துப் போக வேண்டும். சங்கம் 15 சதவீதம் போலக் கமிஷன் எடுக்கும். தரம் பிரிக்கும் கூடத்தில் கழிக்கப்பட்ட வளைந்த வெள்ளரிக்கு இங்கே விலை உண்டு. அறுபது எழுபது வயதுப் பெண்கள் தங்கள் பெயரில் சொந்தக் கணக்கு வைத்து விற்பதை இங்கேதான் அதிகம் பார்க்கிறேன்.

அரசு பக்கம், ஷின்சோ அபே பிரதமராக இருந்த காலத்தில் 2015-ல் கூட்டுறவுச் சட்டம் திருத்தப்பட்டது. உள்ளூர்ச் சங்கங்களைத் தணிக்கை செய்து வழிநடத்த 1954 முதல் ஸென்ச்சூவுக்கு இருந்த அதிகாரம் எடுக்கப்பட்டது. அதன் தலைவர் அகிரா பன்ஸாய் பதவி விலகினார். 2019-ல் ஸென்ச்சூ ஒரு சாதாரணச் சங்கமாக மாறியது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை தொழில்முறை விவசாயிகளும் விற்பனை தெரிந்தவர்களுமாக இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. பசிபிக் கூட்டு வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்ததற்கான தண்டனை இது என்று ஜேஏ ஆட்கள் சொல்வார்கள். அரசு, விவசாயி வருமானத்தைக் கூட்டத்தான் என்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று நினைக்கிறேன், நோக்கத்தை நிரூபிக்க வழியில்லை. திருத்தம் தொடாமல் விட்ட விஷயம்தான் பெரியது. சுமார் ஒரு கோடி உறுப்பினர்களில் 60 லட்சத்துக்கு மேல் விவசாயி அல்லாத இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவர்கள் வைப்புத்தொகையும் காப்பீடும் இல்லாமல் சங்கம் நடக்காது. அவர்கள் பயன்பாட்டுக்கு வரம்பு போடலாமா என்ற பேச்சு எழுந்து, தள்ளிப்போய், சங்கங்களின் முடிவுக்கே விடப்பட்டது.

இனி அரிசி. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 2023 கோடை வெயிலில் நீகாத்தா மாகாணத்தின் கோஷிஹிகாரி என்ற அரிசி வகையில் முதல் தரம் 5 சதவீத அளவுக்கு விழுந்தது, அரைத்தால் கிடைக்கும் நல்ல அரிசி குறைந்தது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்க எச்சரிக்கை வந்ததும் மக்கள் வாங்கிக் குவித்தார்கள், கடைகள் காலியாகின. 2025 மே மாதம் 5 கிலோ சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைப் போல இரு மடங்கு. மார்ச்சில் அரசு கையிருப்பை ஏலம் விட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் ஸென்னோ எடுத்தது, அது கடைக்கு வர மிகவும் தாமதமானது. காணொளிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் ஏலத்தில் பெரிய கொள்முதலாளர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதி வைத்தது அரசு. அரிசி அரைபடாமல் கிடங்கில் இருந்தது, லாரியும் ஆலையும் வேண்டியிருந்தன. பதுக்கினார்கள் என்பதற்கு நான் பார்த்தவரை ஆதாரம் இல்லை. வேளாண் அமைச்சர் தாகு எத்தோ பதவி விலகி ஷின்ஜிரோ கொய்சுமி வந்ததும், ஜேஏவைத் தவிர்த்துப் பெரிய கடைகளுக்கே நேராக விற்றார், 5 கிலோ 2,000 யென் அளவில் கிடைத்தது. உற்பத்தியே தேவைக்குப் போதவில்லை, கணக்கு தவறிவிட்டது என்று ஆகஸ்டில் அரசே ஒப்புக்கொண்டது. ஆக, அந்த ஆண்டின் விலையேற்றத்தை ஜேஏ தலையில் கட்டுவது தவறு. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் தேவையை ஒட்டி மட்டும் நடு என்று பரப்பைச் சுருக்கி, ஒரு மோசமான கோடையைத் தாங்கும் இடைவெளிகூட இல்லாமல் செய்த கொள்கையில் ஜேஏ முழுப் பங்காளி. அந்தப் பொறுப்பிலிருந்து அது தப்ப முடியாது. வெயில், வாங்கிக் குவித்தது, இடைத்தரகர்கள் இவற்றில் எது எவ்வளவு என்பதில் நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

அதன் காலம் முடிந்ததா என்றால், ஒரே பதில் கிடையாது. 2020 கணக்கெடுப்பில் விவசாயமே முதன்மைத் தொழிலாக உள்ளவர்கள் 13.6 லட்சம் பேர், சராசரி வயது 67.8. சமவெளி நெல் பகுதிகளில் அவர்கள் விடும் நிலம் பெரிய பண்ணைகளிடம் போகிறது. அந்தப் பண்ணைகளுக்கு ஜேஏ பலரில் ஒரு வியாபாரி, நல்ல விலை கொடுத்தால் வருவார்கள். மலை ஊர்களில் நிலைமை வேறு. பெட்ரோல் பங்க், ஏடிஎம், உரக் கடை மூன்றும் ஜேஏ வைத்திருப்பவை, அது மூடினால் இன்னொருவர் திறக்க மாட்டார். ஆனால் அந்த மலைக் கிளைகளைத் தாங்கும் பணமே இப்போது ஆட்டம் காண்கிறது. வெளிநாட்டுப் பத்திரங்களில் போட்ட முதலீட்டால் நோரின்சூக்கின் வங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 1.8 லட்சம் கோடி யென் நஷ்டம் காட்டியது, சங்கங்களிடமிருந்தே மூலதனம் திரட்ட வேண்டியதாயிற்று. 2008 நெருக்கடிக்குப் பிறகும் இதே கதைதான்.

நீங்கள் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், முன்பணத்தைப் பாருங்கள். அறுவடை நேரத்தில் ஜேஏ 60 கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு முன்பணம் அறிவிக்கும். விற்று முடித்து, செலவைக் கழித்து, மீதியைப் பிறகு தரும். நீகாத்தா கோஷிஹிகாரிக்கு 2024-ல் 17,000 யென்னாக இருந்த அந்தத் தொகை 2025-ல் 30,000 ஆனது, வெளி வியாபாரிகள் வயலுக்கே வந்து அதிக விலை சொன்னதால். இந்த முறையை விட்டுவிட்டு நேராக விலை கொடுத்து வாங்குங்கள் என்று கொய்சுமி வற்புறுத்தினார். விவசாயியின் கோணத்தில் அது சரியான கோரிக்கை, விலை இறங்கினால் நஷ்டம் அவருக்கு இல்லை. அப்போது அந்த நஷ்டம் சங்கத்துக்கு. அதைத் தாங்கும் மூலதனம் சங்கத்தின் வங்கிப் பிரிவிலிருந்துதான் வர முடியும். ஒரு பக்கம் நேராக வாங்கு என்றும், இன்னொரு பக்கம் ஜேஏவிலிருந்து வங்கியைப் பிரித்துவிடு என்றும் ஒரே ஆட்களே சொல்லும்போது, இரண்டில் எது முதலில் என்று கேட்டு வைப்பது நல்லது. என் கருத்தில், வாங்கும் பொறுப்பை ஜேஏ சுமக்கும் காலம் முழுக்க வங்கியை அதனிடமிருந்து பிரிக்கக் கூடாது.